முதலில் சாக்கெட், பிறகுதான் பாதம்

செயற்கைக் கால் வைத்துக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ இருக்கும்?" அடுத்தது, "கார்பன்ல செய்வீங்களா சார்?" வளைந்த கறுப்புத் தகடுகளை மாட்டிக்கொண்டு ஓடும் வீரர்களை யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் தஞ்சாவூரில் கால் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு ஒரு ஆசை உண்டு. யாராவது ஒருவர் முதலில் சாக்கெட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். அதை எந்தப் பொருளில் செய்வீர்கள், தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா, ஆறு மாதத்தில் தளர்ந்துபோனால் சரிசெய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு மறுபடியும் ஊன்றுகோலுக்கே போனவர்களைக் கேட்டால், முக்கால்வாசிப் பேர் சொல்கிற காரணம் ஒன்றுதான்: "போட்டா வலிக்குது சார்." அந்த வலி பாதத்தில் இல்லை. சாக்கெட்டில் இருக்கிறது.

வெட்டியது போக மிச்சமிருக்கும் காலை நாங்கள் ஸ்டம்ப் என்கிறோம். அது உள்ளே போய் உட்காரும் கிண்ணம்தான் சாக்கெட். அதற்குக் கீழே பைலான் என்ற குழாய், குழாயின் அடியில் பாதம். முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தால் இவ்வளவுதான். எங்கள் பேச்சில் அது பி.கே. தொடையோடு எடுத்திருந்தால் ஏ.கே.; அதற்கு நடுவில் ஒரு மூட்டும் வேண்டும்.

குதிகால் தோல் உடம்பின் பாரத்தைச் சுமக்கவே அமைந்தது. தடிமனான தோல், அடியில் கொழுப்பு மெத்தை. கெண்டைக்கால் தோலுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. 70 கிலோ ஆள் ஓரடி எடுத்து வைத்தால், அந்த 70 கிலோவும் அதற்கு மேலும் பழக்கமில்லாத அந்தத் தோல் வழியாகத்தான் சாக்கெட்டுக்குள் இறங்குகிறது. எந்த இடம் அழுத்தம் தாங்கும், எந்த இடம் தாங்காது என்பதை அறிந்துதான் சாக்கெட்டுக்கு வடிவம் கொடுக்கிறோம். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் நன்றாகத் தாங்கும். முன்பக்கம் தடவினால் விளிம்பாகத் தட்டுப்படும் எலும்பும், வெளிப்பக்கம் சற்றுத் துருத்தி நிற்கும் சிறிய எலும்பின் தலையும் தாங்காது. தாங்கும் இடத்தில் பாரத்தை ஏற்றி, தாங்காத இடத்தில் இடம் விடுகிற இந்த வடிவத்தை 1950களின் இறுதியில் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வகுத்தார்கள். இன்றைய பி.கே. சாக்கெட்டுகள் பலவற்றுக்கும் வேர் அதுதான்.

இந்த வடிவத்தை எந்தப் பொருளில் கொண்டுவருவது? எங்கள் பட்டறையில் அதிகம் புழங்குவது பாலிப்ரொப்பிலீன், சுருக்கமாக பி.பி. நீங்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியும் பெரும்பாலும் இதே பொருள்தான். அதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். அவர்களைப் பட்டறைக்குள்ளேயே அழைத்துப்போய்க் காட்டுவேன்.

ஸ்டம்ப் மேல் மாவுக்கட்டு சுற்றி அச்செடுத்து, அதற்குள் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, ஸ்டம்ப்பின் வடிவத்தைக் கட்டியாக எடுத்திருப்போம். தாங்கும் இடங்களில் அரத்தால் ராவி, தாங்காத இடங்களில் பிளாஸ்டர் பூசி ஏற்றியிருப்போம். இன்னொரு பக்கம், 5 மில்லிமீட்டர் ஷீட் ஒன்று 200 டிகிரியை ஒட்டிய அடுப்பில் படுத்திருக்கும். போடும்போது பால் வெள்ளை. சூடேற ஏற ஓரத்திலிருந்து தெளியத் தொடங்கும். வெண்மை நடுவை நோக்கி ஒதுங்கிக்கொண்டே போகும். கடைசியில் உள்ளங்கை அளவுக்கு, பிறகு ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. அதுவும் மறைந்ததும் ஷீட் முழுக்கத் தெளிந்து அடியிலுள்ள தட்டு தெரியும். அந்த நேரத்தில் இரண்டு பேர் கையுறையோடு தூக்கி அச்சின் மேல் போர்த்தி, பின்பக்கம் ஓரங்களை ஒட்ட வேண்டும். வேக்குவம் பம்ப்பைப் போட்டதும் பிளாஸ்டிக் அச்சோடு அப்பிக்கொள்ளும். நாங்கள் ராவி வைத்த ஒவ்வொரு பள்ளமும் மேடும் அதில் பதியும். பிறகு இரவு முழுக்க அச்சிலேயே ஆற விட்டுவிடுவோம். சூடாறுவதற்கு முன்னால் கழற்றினால் பி.பி. சுருங்கும், எடுத்த அளவெல்லாம் வீணாகிவிடும்.

மறுநாள் வெட்டி எடுத்ததும் நான் செய்கிற முதல் காரியம், டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது. போர்த்தும்போது இழுபட்டு மெலிந்த இடம் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் அடி மூலையில்தான் மெலியும். அதை அளவுகோலால் பிடித்துப் பார்ப்பேன். பாதிக்கும் கீழே போயிருந்தால் அந்தச் சாக்கெட்டை ஆளுக்குக் கொடுப்பதில்லை, மறுபடி செய்வோம். வெட்டிய துண்டு ஒன்றையும் கையால் முழுக்க மடக்கிப் பார்ப்பேன். பி.பி.யில் இரண்டு வகை உண்டு. ஹோமோபாலிமர் விறைப்பானது, ஆனால் விரிசல் விடக்கூடியது. கோபாலிமர் மடங்கின இடத்தில் வெளுத்துக் காட்டும், உடையாது. தினமும் சைக்கிள் மிதிக்கிறவருக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் நான் கோபாலிமரைத்தான் எடுக்கிறேன்.

கார்பன் சாக்கெட் செய்யும் முறை வேறு. அச்சின் மேல் நைலான், கண்ணாடியிழை, கார்பன் துணிகளை உறைகளாக மாட்டி, அக்ரிலிக் ரெசினை ஊற்றி, வேக்குவத்தில் ஊற வைத்து இறுக விடுவது. மெல்லியதாக இருக்கும், பாரம் குறைவு, பலமோ அபாரம். ஆனால் ஒருமுறை இறுகிவிட்டால் இறுகியதுதான். எலும்பு உரசுகிற இடத்தில் பி.பி. சாக்கெட் என்றால் ஹீட் கன்னால் சூடுகாட்டி அந்த இடத்தை மட்டும் கால் மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடலாம். கார்பன் லேமினேஷனில் உள்ளே கொஞ்சம் தேய்த்து எடுக்கலாம், அதற்கு மேல் வழியில்லை.

இந்த வித்தியாசத்தின் அருமை முதல் வருஷத்தில்தான் தெரியும். கால் எடுத்த பிறகு ஸ்டம்ப் மாதாமாதம் இளைக்கும். வீக்கம் வடியும், வேலையில்லாத கெண்டைத் தசை வற்றும். ஆனால் எலும்பு இளைப்பதில்லை. தளர்ந்த சாக்கெட்டுக்குள் சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டால் சுற்றிலும் ஒரே அளவு தடிமன் ஏறும். தசை வற்றிய பக்கம் தொளதொளவென்று இருக்க, எலும்பு நிற்கும் பக்கம் இறுகும். அதனால்தான் முதல் காலுக்கே கார்பன் சாக்கெட் கேட்கிறவர்களிடம் நான் முடிந்தவரை வாதாடுகிறேன். ஸ்டம்ப் ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஓடியாடுகிற ஆளுக்கு அது நல்ல பொருள். அதற்கு முன்னால் வேண்டாம்.

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். சர்க்கரை நோய். விரலில் தொடங்கிய புண் முழங்காலுக்குக் கீழே கால் எடுப்பதில் முடிந்திருந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் கணிசமாகப் பணம் அனுப்பி, வெளியூரில் ஓரிடத்தில் கார்பன் பாதமும் கார்பன் சாக்கெட்டுமாகக் கால் செய்து போட்டிருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு வரவில்லை. துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

"மயிலிறகாட்டம் இருக்கு தம்பி. ஆனா நாலு எட்டு வெச்சா களண்டுருது" என்றார்.

"வலிக்குதாங்கய்யா?"

"வலியெல்லாம் ஒண்ணும் தெரியல."

எனக்குப் பயமே அங்கேதான். சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்திருந்தால் கொப்புளம் வந்தாலும் உறைக்காது. அங்கேயே மாட்டி நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, காலைக் கழற்றி, சாக்ஸை ஒவ்வொன்றாக உருவினால் ஐந்து வந்தது. அடியில், எலும்பின் முனையில், காசளவு சிவப்பு. அழுத்தத்தால் வரும் சிவப்பு, சாக்கெட்டைக் கழற்றிப் பத்து நிமிஷத்தில் மங்க வேண்டும். அதற்கு மேலும் நின்றால் அந்த இடத்தில் தோல் அடிபட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், அப்படியே இருந்தது.

அவருக்கு பி.பி.யில் புதுச் சாக்கெட் செய்தோம். உள்ளே பீலைட் என்கிற மென்மையான பாலிஎத்திலீன் நுரையில் லைனர். மாட்டிப் பார்க்கும் நாளில் சாக்கெட்டின் அடியில் கோலிக்குண்டு அளவு களிமண் உருட்டிப் போட்டு அவரை நிற்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்தால் களிமண் லேசாகத் தட்டையாகியிருக்க வேண்டும். உருண்டை அப்படியே இருந்தால் ஸ்டம்ப் நுனி அந்தரத்தில் தொங்குகிறது. நாளடைவில் நுனி வீங்கித் தோல் கறுக்கும். அப்பளமாக நசுங்கியிருந்தால் நுனியே பாரத்தைத் தாங்குகிறது, அதுவும் ஆகாது. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. எந்தப் பட்டறையிலும் செய்யலாம், செய்யச் சொல்லி நீங்களும் கேட்கலாம். வீட்டில் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொண்டு தினமும் ராத்திரி ஸ்டம்ப்பின் அடியைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதுவும் மருந்து மாதிரி, ஒருநாள் விடக் கூடாது.

பாரம் விஷயத்துக்கு வருகிறேன். அப்துல் கலாம் அக்னி ஏவுகணைக்காக உருவான இலகுவான பொருளைக் கொண்டு, ஹைதராபாத் நிஜாம் மருத்துவமனைக் குழந்தைகளுக்கு 3 கிலோ உலோகக் காலிப்பருக்குப் பதிலாக 300 கிராமில் காலிப்பர் செய்ய வைத்த கதை நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழந்தைகளின் தசைகள் பலவீனமானவை. ஒவ்வொரு கிராமும் அவர்களுக்குச் சுமை. அந்தச் சாதனையை நினைக்கும்போதெல்லாம் எங்கள் தொழிலின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆனால் செயற்கைக் காலுக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. எங்கே பாரம் இருக்கிறது என்பது முக்கியம்: தொடையருகே 200 கிராம் கூடினால் தெரியாது, பாதத்தில் கூடினால் அதை வீசி நடக்கும் இடுப்புக்குத் தெரியும். அதைவிட முக்கியம் பிடிமானம். காலைத் தூக்கும்போது சாக்கெட் ஒரு விரற்கடை இறங்கினால், எவ்வளவு இலேசான காலும் இழுத்துக்கொண்டு நடப்பது போலத்தான் இருக்கும். திருவாரூர்க்காரர் கையில் தூக்கிப் பார்த்தபோது மயிலிறகு. மாட்டி நடந்தபோது சுமை. புதுக் கால் தராசில் வைத்தால் பழையதைவிடக் கனம். அவர் நடந்து பார்த்துவிட்டு, "இது கனமே தெரியலியே" என்றார்.

அவருக்கு நான் போட்ட பாதம் ரப்பர். சேற்றில் இறங்க வேண்டும் என்பது அவர் கேட்ட ஒரே விஷயம். இந்த இடத்தில் ஜெய்ப்பூர் பாதத்தின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1960களில் இங்கே கிடைத்த மேல்நாட்டுப் பாதம் சாச் எனப்படும், கணுக்கால் அசையாத வகை. 1950களில் அதுவும் பெர்க்லியில் உருவானதுதான். ஷூவுக்குள் போட்டு நாற்காலியில் உட்காருகிற வாழ்க்கைக்கு அது போதும். நம் ஆட்கள் வெறுங்காலில் நடக்க வேண்டும், குந்த வேண்டும், சம்மணம் போட வேண்டும், வரப்பில் ஏறி இறங்க வேண்டும். கொடுத்த காலைப் பலர் தூக்கிப் போட்டார்கள். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் 1968இல் இதற்கு விடை கண்டார்கள். முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் நுண்துளை ரப்பர், கணுக்காலுக்கு மரக்கட்டை. இந்த மூன்றையும் டயரில் போடுகிற நூலிழையும் ரப்பரும் சுற்றி, வெளியே தோல் நிறத்தில் கெட்டி ரப்பர் போர்த்தி, பாத வடிவ அச்சில் வைத்து வல்கனைஸ் செய்வது. டயர் ரீட்ரெடிங் கடைக்குத் தெரிந்த வித்தைதான். முன்பாதம் எல்லாப் பக்கமும் வளையும், தண்ணீர் உள்ளே புகாது, செருப்பில்லாமல் நடக்கலாம். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. 1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அந்தக் காலை இலவசமாகப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. போரில் கால் இழந்தவர்களுக்காக யாழ்ப்பாணத்தில் நடக்கும் மையத்தின் பெயரிலேயே ஜெய்ப்பூர் இருக்கிறது.

பாதத்தை நான் எவ்வளவு புகழ்ந்தாலும், அதோடு சேர்ந்து வந்த சாக்கெட்டைப் பற்றி எனக்கு அதே கருத்து இல்லை. தொடக்கத்தில் அலுமினியத் தகட்டை அடித்து உருட்டிச் செய்தார்கள். பிறகு பாசனத்துக்குப் போடுகிற எச்.டி.பி.இ. குழாயைச் சூடுகாட்டி அச்சின் மேல் இழுத்தார்கள். முகாமில் காலையில் வந்தவர் மாலையில் நடந்து போகலாம் என்ற வேகம் அதனால் வந்தது, அது சாதாரண விஷயமில்லை. ஆனால் பழைய பாணிச் சாக்கெட்டின் அடிப்பக்கம் திறந்திருக்கும். ஸ்டம்ப் நுனிக்குத் தாங்கல் கிடையாது. களிமண் உருண்டைச் சோதனையில் அது தேறாது. நுனி வீங்கி, தோல் தடித்துப் பல பேர் வந்திருக்கிறார்கள். அடி மூடிய, முழுவதும் படிந்த பி.பி. சாக்கெட்டின் கீழே ஜெய்ப்பூர் பாதத்தை மாட்டினால் நம் கிராமங்களுக்கு அதைவிடப் பொருத்தமான கால் எனக்குத் தெரியவில்லை.

பாதங்களில் பாலியூரிதேன் நுரையில் செய்ததும் வருகிறது. அழகு, இலேசு, விலையும் குறைவு. வாங்கும் முன் அது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாலியூரிதேனில் சில வகைகளை ஈரமும் வெப்பமும் சேர்ந்து மெல்ல அறுத்துவிடும். பீரோவில் இரண்டு வருஷம் சும்மா கிடந்த ஷூவை எடுத்து மாட்டினால் சோல் பிட்டுப் பிட்டாக உதிருமே, அதே பொருள், அதே காரணம். அணியாமல் வைத்திருந்தாலும் கெடும் என்பதால் அலமாரியில் நெடுநாள் இருந்த பாதத்தை நான் வாங்குவதில்லை. குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பள்ளம் உடனே எழும்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கார்பன் பாதத்தை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 21 வயதில் விபத்தில் கால் இழந்த வான் பிலிப்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், தனக்குக் கொடுத்த கட்டைப் பாதத்தில் திருப்தியடையாமல் படித்து, உழைத்து, 1984இல் கொண்டுவந்ததுதான் அந்த வளைந்த தகடு. மிதிக்கும்போது அமுங்கி, எடுக்கும்போது உந்தித் தரும். கல்லூரிக்குப் போகிற பையன், கூரியர் வண்டி ஓட்டுகிறவர், கிரிக்கெட் ஆடுகிறவர் போன்றவர்களுக்கு வசதியிருந்தால் நானே சிபாரிசு செய்கிறேன். ஆனால் அதை ஆளின் எடைக்கும் நடமாட்டத்துக்கும் ஏற்ற விறைப்பில் வாங்க வேண்டும். மேலுறைக்குள் மணல் போனால் தகட்டை அராவிக்கொண்டே இருக்கும். கீச்சென்று சத்தம் வந்தால் உடனே கழற்றிப் பார்க்க வேண்டும். அடுக்குகள் பிரிந்தால் ஒட்ட முடியாது.

இவற்றுக்கெல்லாம் உலக அளவில் பரிசோதனை விதிகள் உண்டு. ஐ.எஸ்.ஓ. 10328 என்ற தரம் செயற்கைக் காலை இயந்திரத்தில் பூட்டி, 30 லட்சம் தடவை பாரம் ஏற்றி இறக்கச் சொல்கிறது. பாதத்துக்கு 20 லட்சம். ஆளின் எடைக்கேற்ப நிலைகள் உண்டு, பி5 என்றால் 100 கிலோ வரை. ஒருவர் நாளுக்கு 5,000 எட்டு வைத்தால் அந்தக் கால் மிதிப்பது 2,500. வருஷத்துக்கு 9 லட்சத்துக்குச் சற்று மேல். ஆக 30 லட்சம் என்பது மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நடை. நொடிக்கு ஒன்று வீதம் மிதிக்கும் இயந்திரம் அதை 35 நாளில் முடித்துவிடும். சாக்கெட், பைலான், பாதம் ஆகியவற்றை இணைக்கும் உலோக அடாப்டருக்கு அந்தச் சான்று இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் தொடுவதில்லை. ஓட்டத்தில் அது முறிந்தால் ஆள் விழுவார்.

ஆனால் அந்த இயந்திரம் காய்ந்த அறையில் நிற்கிறது. நாகப்பட்டினம் கடற்கரையில் வலை இழுக்கிறவரின் காலில் உப்புத் தண்ணீர் இருக்கும். அலுமினியக் குழாயும் எஃகு போல்ட்டும் சேருகிற இடத்தில் உப்பு நீர் நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். அப்படிப்பட்டவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு போர் நடந்த நாடுகளில் பரப்பிய முறை நல்லது. சாக்கெட் முதல் கணுக்கால் வரை பி.பி., உலோகம் என்றால் துருப்பிடிக்காத போல்ட்டுகள் மட்டும். நான் கொடுத்த கால்களை மூன்று மாதத்தில் ஒருமுறை கொண்டுவரச் சொல்வேன். போல்ட்டைக் கழற்றி மரையைப் பார்ப்பேன், குதிகால் ரப்பர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, சாக்கெட் விளிம்பில் வெளுத்த கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஆய்வகம் சொல்லாத பலவற்றை அந்தக் கால்களே சொல்லும்.

லைனரில்தான் நம் சீதோஷ்ணம் கைவரிசையைக் காட்டுகிறது. ஐஸ்லாந்தின் ஓஸ்ஸூர் கிறிஸ்டின்சன் 1980களில் கொண்டுவந்த சிலிகான் லைனர், தோலோடு ஒட்டி நின்று காலை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். தழும்பு நிறைந்த ஸ்டம்ப்புக்கு அது வரம். ஆனால் அதில் காற்று புகாது. சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் வியர்வை தேங்கி வழுக்கும். கழற்றித் துடைத்து மாட்ட ஒதுக்கமான இடம் வேண்டும். நாற்று நடுகிற அம்மாவுக்கும் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவுக்கும் அந்த இடம் எங்கே? தினமும் சோப்பு போட்டுக் கழுவி நிழலில் காயவைக்கவும் வேண்டும். அவர்களுக்கு பீலைட் லைனரும் இரண்டு மூன்று பருத்தி சாக்ஸுமே நான் தருவது. நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம், லைனர் நைந்தால் சில நூறு ரூபாயில் வேறு செய்யலாம். எதைக் கொடுத்தாலும் அதன் துண்டு ஒன்றை முன்கையில் ஒட்டி, இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். அக்ரிலிக் ரெசின் சரியாக இறுகாமல் மிச்சம் நின்றால் சிலருக்குத் தடிப்பும் அரிப்பும் வரும். புதுச் சாக்கெட்டில் ரெசின் வாடை வீசினால் அதை மாட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. உதவித் திட்டங்கள் பலவற்றில் ஒருமுறை கால் வாங்கியவர் அடுத்ததைக் கேட்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முழுக் காலுக்கு அந்த விதி நியாயம்தான். பாதமும் பைலானும் அவ்வளவு நாள் உழைக்கும். ஆனால் புதிதாகக் கால் எடுத்தவரின் சாக்கெட் முதல் வருஷத்திலேயே தளர்ந்துவிடும். அந்த ஒரு பாகத்தை மட்டும் தனியாக மாற்றித்தர விதியில் இடம் வைக்க வேண்டும். அதற்கு ஆகிற பொருள் ஒரு பி.பி. ஷீட்டும் ஒரு வாளி பிளாஸ்டரும்தான். இரண்டு நாள் வேலை. பழைய பாதம், பழைய பைலான், பழைய அடாப்டர் எல்லாவற்றையும் அப்படியே அதன் கீழே பூட்டிக் கொடுத்துவிடுவோம்.